முப்பது வீட்டுக்கு ஒரு முகவரி

தேவராஜ் பாரிவாக்கத்தில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுப்பவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் ஆவடியில் ஒரு கேபிள்காரரிடம் கம்பி இழுக்கப் போய், பதினைந்து வருடம் கழித்துச் சொந்தமாக உரிமம் வாங்கினார்.

உரிமம் மட்டும் போதாது, முகவரிகளும் வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டுவது ஓர் எண். பழைய முறையில் அந்த எண்கள் அளவாகத்தான் உண்டு. புதிய முறை வந்தும் பல இடங்களில் பழையது இல்லாமல் வேலை நடப்பதில்லை. 2011இல் உலகத்தில் மிஞ்சிய கடைசி ஐந்து தொகுப்புகளை ஐந்து வட்டாரங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டார்கள். மனிதர்களில் பாதிப்பேருக்கு மேல் வாழும் நம் வட்டாரத்துக்கும் ஒன்றுதான். அதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தார்கள். தேவராஜுக்குக் கிடைத்தது இருநூற்று ஐம்பத்தாறு. இவ்வளவு பின்னால் வந்தவனுக்கும் எடுத்து வைத்திருக்கிறார்களே என்று அன்று அவருக்கு மனம் நிறைந்துபோனது.

இணைப்புகள் மூவாயிரத்தைத் தொட்டபோது அவரும் பங்கு போட வேண்டிவந்தது. அலுவலகங்களுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் தனி முகவரி. மிச்சத்தை முப்பது வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அப்துல் ரசாக் என்பவர் தன் வீட்டு முன்னறையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கென்று ஒரு தனி முகவரி கேட்டார். தினமும் இருவரும் சேர்ந்து டீ குடிப்பவர்கள். பழக்கத்துக்காகக் கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்றே தேவராஜ் மறுத்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண்ணின் புகைப்படத்தைத் திரித்து யாரோ மிரட்டல் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பிய முகவரி, தேவராஜ் முப்பது வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்த ஒன்று.

“முப்பது ஊட்ல எந்த ஊடு?”

“தெரியல சார்.”

தெரிந்திருக்க வேண்டும். எந்த நிமிடம் எந்த வீடு என்று பதிந்து வைக்கும் கருவி பழுதாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார். முப்பது பெயரையும் அகர வரிசையில் அச்செடுத்துக் கொடுத்தார். முதல் பெயர் அப்துல் ரசாக்.

அவர்கள் இரண்டாவது பெயருக்குப் போகவே இல்லை. ரசாக்கை இரண்டு நாள் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பழுது பார்க்க வந்திருந்த பத்தொன்பது போன்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அத்தனை போன் வைத்திருந்ததே சந்தேகமாகிவிட்டது. தேவராஜ் நிலைய வாசலிலேயே நின்று, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எப்படித் தெரியும் என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையான ஆள் பிடிபட்டான். அதே முப்பதில் வேறொரு வீட்டில் வாடகைக்கு இருந்தவன். அதற்குள் ரசாக்கிடம் போன் கொடுக்க ஆளில்லை. அவர் மகளிடம் பள்ளியில் என்னவோ கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அவள் போக மறுத்துவிட்டாள். குடும்பத்தோடு ஆம்பூருக்குக் கிளம்பும் முன் ரசாக், இணைப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“பாய், அன்னிக்கு நீ கேட்டப்பவே தந்திருக்கணும்.”

“இன்னா பண்றது தேவா. தந்திருந்தா லிஸ்ட்ல அடுத்த ஆளு மாட்டியிருப்பான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வழக்கமான குரலிலேயே சொன்னார். டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டதற்கு மட்டும், வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டார்.

தேவராஜ் கருவியைச் சரிசெய்தார். இன்னும் கொஞ்சம் முகவரிகள் கேட்டு எழுதினார். கையிருப்பு இல்லை என்று பதில் வந்தது. பண்டிகைக்குப் பண்டிகை ஆம்பூருக்குப் போன் செய்கிறார். ரசாக் எடுக்கிறார், நலம் விசாரிக்கிறார். அத்தோடு வைத்துவிடுகிறார்.