மணலுக்கு எந்த டயர்

"...டயரு மாத்தி, காத்து எறக்கி, அப்பால நாலு பேரு சேந்து தூக்கி வுடுற வரைக்கும் உள்ள கீறது காத்துகினு கெடக்குமா, நைனா?"

நிறைமாதக்காரி ஒருத்தி தன் அப்பாவிடம் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கையில் ஜாக்கியோடு. அவள் உட்கார்ந்திருந்த நாலு சக்கர பைக்கின் பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் மணலில் இறங்கியிருந்தன. இடது பக்கம் கடல். வலது பக்கம் கண்டெய்னர் லாரிகள். அந்த வண்டி எங்கள் கரைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டி எனக்குப் பஞ்சர் கடை. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எழுத்துகளைத் தடவித் தடவி இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் கடைக்கு வந்தவர்கள் பேசிக் காதில் விழுந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. எண்ணூர் பக்கத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் ஒரே வரிசை, சில நாள் இரண்டு வரிசை. காலையில் ஒரு லாரி நீளம் நகரும். சாயங்காலம் இன்னொரு லாரி நீளம். டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கினார்கள், கயிறு கட்டித் துணி காயவைத்தார்கள். "ஊட்டுக்குப் போன் பண்ணா, எங்க கீறன்னு கேக்குறா. நேத்து சொன்ன எடத்துலதான்றேன். போன வச்சிடுறா," என்றார் ஒருவர், என் கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டே. நான் சிரித்தேன். ஆனால் என் பிழைப்பும் அவர் வண்டியோடுதான் நின்றிருந்தது. நிற்கிற டயர் பஞ்சராவதில்லை.

கடையின் வாசலுக்கு நேரே லாரிகள் இரும்புச் சுவராக நின்றன. மேற்கிலிருந்து வெளிச்சம் வராது, காற்று வராது. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ், மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாம். இந்தப் பக்கம் நாங்களும் கடலும். லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடம் இருக்காது. டிரைவர்கள் வேண்டுமென்றேதான் முட்டிக்கொண்டு நிறுத்துவார்கள். ஒரு முழம் விட்டால் போதும், பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் குப்பத்து ஜனங்கள் டிரைலருக்கடியில் குனிந்து, தவழ்ந்து அந்தப் பக்கம் போனார்கள். புத்தகப் பையோடு பிள்ளைகள், மீன் கூடையோடு பெண்கள். "அடுத்த பொறவில எலியா பொறந்தா ஈசியா போலாம்," என்பாள் கூடைக்காரி ஒருத்தி, முட்டியைத் தட்டிக்கொண்டே.

தவழ முடியாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். முதலில் சொன்ன நிறைமாதக்காரியின் அம்மாவுக்கு, இதற்கு முன்பு ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி. அவளைக் குனிய வைக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா ஃபைபர் படகுக்காரர், குப்பத்தில் ஓங்கிய குரல். அன்றைக்கு அவர் ஒவ்வொரு கேபினாகப் போய்க் கெஞ்சினார். முன்னால் நின்ற டிரைவர் பின்னால் எடுக்கத் தயார். அவருக்குப் பின்னால் நின்ற வண்டியில் ஆளே இல்லை, குளிக்கப் போயிருந்தார். ஆள் வந்து சாவி போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த டிரைவரோடும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். மருமகன் ஆழ்கடல் போட்டில் போகிறவன், போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அலையில் குதிக்கும் படகில் நிறைமாதக்காரியை ஏற்ற முடியாது. சாலை ஓரமெல்லாம் கருங்கல் கொட்டியிருந்தாலும் எங்கள் குப்பத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் மணல் மிச்சமிருந்தது. அது முடியும் இடத்தில் ஒரு குறுக்குச் சாலை. அங்கே மட்டும் போலீஸ்காரர்கள் லாரிகளைப் பிரித்து நிறுத்தி வழி வைத்திருந்தார்கள். மணலிலேயே அதுவரை போய்விட்டால் தப்பித்தோம். மகாபலிபுரம் பக்கம் ஒரு விடுதியில் குழந்தைகளை ஏற்றிக் கரையில் சுற்றிக் களைத்துப்போன நாலு சக்கர பைக் ஒன்று காயலான் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை மீன்பாடி வண்டியில் போட்டுக் குறுக்குச் சாலை வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஆள் வைத்து மணலில் தள்ளி என் கடை முன்னால் நிறுத்தினார்.

"டயரு பூரா பூட்சி மாமு. மணலுக்கு எந்த டயர் போடலாம், நீ சொல்லு."

நான் விசாரித்தேன். புதுப்பேட்டை பழைய சாமான் சந்தையில் ஒருவர் இரண்டு டயர்களைக் காட்டினார். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. வழக்கமான பூ வெட்டு இல்லை. குறுக்கே கையகல ரப்பர் பலகைகள் வரிசையாக எழுந்து நின்றன. வெளிநாட்டில் மணல் மேட்டில் ஏறுவதற்கென்றே செய்வதாம். அவரே ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: "ஓடினே இருந்தா ராஜா. நின்னு கெளப்புனா மண்வெட்டி." இன்னொரு வழி எனக்குத் தெரியும். அகலமான வழவழத்த பழைய டயரைப் போட்டு, பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டால் அது மணலைத் தோண்டாது, மேலேயே படுத்துக்கொண்டு போகும். மெதுவாகப் போகலாம், நிறுத்தலாம், மறுபடி எடுக்கலாம். வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு எவன் பறக்கப்போகிறான்?

இரண்டு வகையையும் கடையில் வைத்துக் காட்டினேன். படகுக்காரர் பலகை டயரைப் பார்த்தவுடனே மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"தோ பாரு, துடுப்பு மாதிரியே கீது. தண்ணிக்கு இன்னாவோ அதான மணலுக்கும்."

"அண்ணே, இது நிக்காம ஓடணும். நின்னா பள்ளம் பறிச்சிரும். மொட்ட டயரு போடு, பாதி காத்துல வுடு."

"மொட்டையா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தனையும் புட்சி, மொட்ட டயருல ஓட்டுறியே, உனக்குப் புள்ள குட்டி இல்லியான்னு கேப்ப. எம்பொண்ண அதுல ஏத்தச் சொல்றியா?"

"அது தார் ரோட்டுக்குண்ணே."

"அவங்கம்மாளத்தான் கோட்ட வுட்டேன். இவள மொட்ட டயருல இட்டுனு போனேன்னு ஊரு சொல்லணுமா?"

பலகை டயரைத்தான் பூட்டினேன். பின்சீட்டில் மகளுக்குப் பதில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரையில் ஓட்டிப் பார்த்தார். மணலை ஆளுயரத்துக்கு வாரி இறைத்துக்கொண்டு வண்டி பறந்தது. குப்பமே கைதட்டியது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் கட்டி ஐஸெல்லாம் தூளாகியிருந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேள, ஐஸு. வாயில்லாதது," என்றாள். அவர் சிரிக்கவில்லை. நான் அந்த மொட்டை டயர்கள் இரண்டையும் ரிம்மோடு தயாராகக் கடையிலேயே வைத்திருந்தேன்.

வலி வந்த அன்று காலையில் வரிசை அசையவேயில்லை. துறைமுகத்தில் ஏதோ தகராறு என்றார்கள். மகளை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார். ஐஸ் பெட்டியை ஓட்டியது போல மகளை வைத்து ஓட்ட முடியுமா? மெதுவாக உருட்டினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. அவளுக்கு வலி கூடி, அவர் தோளைப் பிடித்து நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். வலி அடங்கியது. மறுபடி எடுத்தபோது சக்கரம் அரை அடி இறங்கியது. பைக் ஓட்டத் தெரிந்த எவனும் அங்கே ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்திருப்பான். இவர் படகுக்காரர். அலை எதிர்த்தால் இன்ஜினை முறுக்கித்தான் அவருக்குப் பழக்கம். முறுக்கினார். பலகைகள் மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. வண்டி இருந்த இடத்திலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டது. இன்னும் முறுக்கினார். அச்சு தட்டியது.

சத்தம் கேட்டு ஜாக்கியோடு ஓடினேன். மொட்டை டயரை எடுத்து வர ஆள் அனுப்பியாகிவிட்டது என்றேன். "எவ்ளோ நேரம்?" என்றார். ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை தேடினேன். வைத்த பலகையும் இறங்கியது. அவர் மண்டியிட்டுக் கையால் மணலைத் தோண்டினார். தோண்டத் தோண்டப் பக்கத்து மணல் சரிந்து அதே இடத்தை நிரப்பியது. தெற்கே குறுக்குச் சாலை கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் வலி வந்தவள் நடக்கிற தூரம் இல்லை. அப்போதுதான் அவள் அப்படிக் கேட்டாள்.

அவர் கையை மணலுக்குள் விட்டபடியே, "தோ ஆச்சு, தோ ஆச்சு," என்றார்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மணலைக் கடந்து, கல் சரிவில் இரண்டு தரம் நின்று, சாலைக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். எதிரில் நின்ற லாரியின் கேபின் கதவை வளையல் கையால் தட்டினாள். லுங்கியோடு ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, ஒரு முழம் பின்னால எடு."

"பின்னால அவன் முட்டினு நிக்கிறான்மா."

"அவனயும் எடுக்கச் சொல்லு. அவன் பின்னால இருக்குறவனயும் சொல்லு. நான் நிக்கிறேன்."

டிரைவர் அவள் வயிற்றைப் பார்த்தார். தலையை வெளியே நீட்டிப் பின்னால் கத்தினார். அந்தக் கத்தல் கேபின் கேபினாக வடக்கே போனது. தூரத்தில் ஒரு இன்ஜின் உறுமியது, அப்புறம் அதற்கு முன்னால் ஒன்று, அப்புறம் இன்னொன்று. முன்னால் போவதற்காக நாள்கணக்கில் நின்ற வரிசை, ஒவ்வொன்றாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவள் கண்டெய்னரில் கையை ஊன்றி, கண்ணை மூடி, ஒரு வலியை நின்றபடியே கடந்தாள். எங்கள் முன்னாலிருந்த லாரி கடைசியாக அசைந்து, வெளிச்சம் ஒரு கோடாக விழுந்ததும், கண்ணைத் திறந்தாள். கரையில் மண்டியிட்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்து, வா என்று ஒரு தரம் கையை ஆட்டினாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் நுழைந்தாள்.