கல் போட ஒரு கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஜாதகம் பார்த்தார்கள். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இல்லை… கடலுக்கு.

திருவான்மியூரில் பீச்சை ஒட்டிக் குடியிருக்கிறோம். கொஞ்ச காலமாகக் கடல் எங்கள் மேல் அதிகப் பிரியம் காட்டுகிறது. நாங்கள் வாக்கிங் போகும் மணல் வருஷா வருஷம் சுருங்குகிறது. பயந்துபோன செகரட்டரி, கடற்கரை மாற்றங்களை ஆராயும் ஒரு பேராசிரியையை அழைத்து வந்துவிட்டார்.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். சேட்டிலைட் படம். அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. கடல் மட்டம் உயர்ந்தால் கரை எங்கே வந்து நிற்கக்கூடும் என்பதற்கான கோடு அது. எங்கள் கார் பார்க்கிங் வழியாகப் போனது.

உலகம் சூடாவதைப் பற்றி யாராவது கேட்டார்களா? "ஏ பிளாக்கா, பி பிளாக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. மயிலாப்பூரிலிருந்து குடிவந்த மாமி, "எங்காத்துக் கார் தூணுக்கு இந்தண்டை நிக்கறது. கோடு அந்தண்டைதானே போறது?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"இது கணிப்புதாங்க. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம்" என்றார் பேராசிரியை. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. நம் ஜோசியர்கள் கல்யாணம் எந்த மாசம் என்றே சொல்லிவிடுகிறார்களே – இவ்வளவு படித்தவருக்கு முடியாதா? கடைசியில் மாமியே கேட்டார்: "அது போகட்டும். பரிகாரம் ஏதாவது உண்டோ?"

இருந்தது. கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டினால் மணல் தங்கும். "ஆனா, நம்ம கரையில மணல் பெரும்பாலும் தெற்கேயிருந்து வடக்கே நகருது. இங்க தடுத்தா, வடக்கே இருக்கிற குப்பத்துக்கு மணல் போகாது. அங்க அரிக்க ஆரம்பிச்சிடும்" என்றார் பேராசிரியை.

'ஆனா'வுக்கு முன்னால் சொன்னது மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. கல் கொட்டச் சொல்லி அரசாங்கத்துக்கு ஏகமனதாக மனு தயாரானது. பத்திரிகையில் எழுதுகிறவர் என்ற மரியாதையில் முதல் கையெழுத்து எனக்கு… போட்டேன்.

மறுநாள் காலை செல்வி வந்தார். பல வருஷமாக எங்கள் வீட்டுக்கு மீன் தருகிறவர். வீடு அந்தக் குப்பத்தில்தான், கடலைப் பார்த்த முதல் வரிசையில்.

"இன்னா சார், கல்லு போடப் போறாங்களாமே? நல்லதாப் போச்சு. போன மழைக்கு அலை எங்க வாசப்படி வரைக்கும் வந்துட்சி. நானும் ஒரு கையெழுத்து போட்டுடட்டா?"

வெட்கமாக இருந்தது. இருந்தாலும் உள்ளதைச் சொன்னேன். கல் எங்களுக்கு, அரிப்பு அவர்களுக்கு.

செல்வி கோபப்படவில்லை. மீனை நறுக்கிக்கொண்டே கேட்டார்: "அப்போ உங்காண்ட மணலு இன்னாத்துக்கு சார் கொறஞ்சிகினே போவுது? தெக்கால எவனோ கல்லு போட்டுக்கீறான்… அங்கயும் யாராவது படிச்சவங்கதான் கையெழுத்து போட்டிருப்பாங்க."

மத்தியானம் வரை யோசித்துவிட்டு செகரட்டரிக்கு ஃபோன் செய்தேன். என் பெயரை அடித்துவிடச் சொன்னேன்.

"காலையிலேயே கொடுத்தாச்சு சார். மேல உங்க பேரைப் பார்த்ததும் எந்தக் கேள்வியும் கேக்காம வாங்கிக்கிட்டாங்க" என்றார், ரொம்ப சந்தோஷமாக.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். உடனடியாகப் பலன் கிடைத்தது இந்த ஒரு கையெழுத்துக்குத்தான்.