சம்பந்தி காட்டிய அருவி

பெண்ணுக்கு நிச்சயம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, சம்பந்தி போன் செய்தார்.

"ரெண்டு குடும்பமும் ஒருநாள் எங்கனா ஒண்ணா போயிட்டு வரணும்மா. பழகணும். அப்பத்தான் நாளைக்கு மொகம் பாத்துப் பேச வரும்."

நல்ல எண்ணம்தான். நிச்சயத்தன்று நாங்கள் முகம் பார்த்துப் பேசியது மொத்தமும், "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு, நீங்க சாப்பிட்டீங்களா?" என்ற அளவில்தான் இருந்தது. அதிலும் இரண்டு தரப்பும் பொய் சொல்லியிருந்தோம்.

நான் கிழக்குத் தாம்பரம். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே வயதானவள். மலையேற்றம் என்றால் எனக்குத் தெரிந்தது ரயில்வே நடைமேம்பாலம்தான். அதையும் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் கடப்பேன். ஆகவே, "வண்டலூர் ஜூ போலாமே, பக்கத்துலயே இருக்கு, பேட்டரி வண்டிகூட உண்டு" என்றேன்.

"கூண்டுல கீற மிருகத்தப் பாக்கறதுல இன்னாம்மா கீது? இயற்கையப் பாக்கணும். ஆந்திரா பார்டர் தாண்டி ஒரு காடு கீது. உள்ள மூணு அருவி. நடந்தே போவணும். நான் கூட்டிகினு போறேன், நீங்க வந்தா போதும்."

சம்பந்தி படப்பைக்காரர். பரம்பரையாக நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்று வசதியாக இருப்பவர். ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு மரத்தின் பெயரை வைத்திருந்தார். மரம் போனாலும் பெயரையாவது காப்பாற்றினாரே என்று நானும் மரியாதையாகவே நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, போனைப் பார்த்தே தலையாட்டினார். நான் போனை வைத்ததும் சண்டைக்குப் போனேன்.

"எனக்கு முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாம பொண்ணு வீடு" என்றார். அவருடைய வாதங்கள் எப்போதும் சுருக்கமானவை. மறுத்துப் பேச முடியாத அளவுக்கு அவற்றில் ஒன்றுமே இருக்காது.

அடுத்து உடைப் பிரச்சினை. சம்பந்தி வீட்டார் முன்னால் சுடிதார் போடலாமா? புடவை கட்டிக்கொண்டு மலை ஏறலாமா? ஒரு வாரம் யோசித்து, என் மகளின் கேலியையும் தாண்டி, சுடிதாரில் கிளம்பினேன். விடியற்காலையில் வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து சம்பந்தியம்மா பார்த்தார். அவர் சுங்குடிப் புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன், அவர் என்னுடைய துப்பட்டாவைப் பார்த்தார். பழக ஆரம்பித்துவிட்டோம்.

சம்பந்தி முன் சீட்டில் இருந்தார். ராணுவப் பச்சையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் மடக்குத் தடி. காலில் கனமான மலையேற்ற ஷூ.

"இமயமலைக்குப் போவணும்னு வாங்கினது. பத்து வருசமா பெட்டியிலயே கீது. புத்தம் புதுசு" என்றார்.

இமயமலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் கேட்கவில்லை.

வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிடித்தோம். வழி நெடுக அவர் இயற்கையின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். சாலை ஓரம் எந்தெந்த இடம் சீக்கிரம் விலை ஏறும் என்பதையும் இடையிடையே காட்டினார். என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். என் மகளும் மாப்பிள்ளையும் கடைசி சீட்டில் ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு, குடும்பங்கள் பழகுவதைத் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள்.

காட்டின் வாசலில் வனக் காவலர் ஒருவர் பைகளைச் சோதித்தார். தமிழும் தெலுங்குமாகப் பேசினார். சம்பந்தியம்மாவின் பையில் ஐந்து எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. புளிசாதம், தயிர்சாதம், வடை, உருளைக்கிழங்கு வறுவல், இன்னொரு வகை வடை.

"காட்டுக்கா போறீங்கம்மா, கல்யாணத்துக்கா?" என்றார் காவலர்.

"கல்யாணம் தை மாசத்துலதான்" என்று சம்பந்தியம்மா பொறுப்பாகப் பதில் சொன்னார்.

முதல் அருவி அரைமணி நடை, இரண்டாவது ஒரு மணி நேரம், மூன்றாவதுக்கு அனுமதி இல்லை, கைடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது, இது காவலர் சொன்னது.

"கைடா? எனக்கா?" என்று சம்பந்தி சிரித்தார். "மரத்தப் பாத்தே நான் தெசை சொல்லுவேன்."

முதல் கால்மணி நேரத்தில் இளசுகள் இரண்டும் முன்னால் போய் மறைந்துவிட்டன. மீதி இருந்த நாலு பேரும் சம்பந்தியின் தலைமையில் நடந்தோம். அவர் ஒவ்வொரு மரத்தையும் தடியால் தட்டிப் பெயர் சொன்னார். முதல் மரம் மருது. இரண்டாவதும் மருது. ஏழாவதும் மருதாகவே இருந்தபோது, அது ஆலமரம் என்பது விழுதைப் பார்த்து எனக்கே தெரிந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விழுதைப் பிடித்துக்கொண்டே, "நல்ல மருது" என்றார்.

மேடு ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பெண் வீடு முதலில் உட்கார முடியாது. மாப்பிள்ளை வீடும் உட்காராது. யாருக்கும் களைப்பில்லை என்பதை நிரூபித்துக்கொண்டே நான்கு பேரும் வாயால் மூச்சு விட்டோம்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் பெயிண்ட்டில் அம்புக்குறி போட்டிருந்தது. சம்பந்தி அதை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காட்டினார்.

"அது பப்ளிக் போற வழி. இப்புடிப் போனா சீக்கிரம் போயிடலாம்."

அந்த வழியில் கொஞ்ச தூரம் போனதும்தான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டப். டப். சம்பந்தியின் இடது ஷூவிலிருந்து அடிப்பாகம் பிய்ந்து, நாக்கு மாதிரி தொங்கியது. பத்து வருடம் பெட்டிக்குள் இருந்ததில் பசை செத்துப்போயிருந்தது. அவர் அதைக் கவனிக்காதவர் போல நடந்தார். நாங்களும் காது கேளாதவர்கள் போல நடந்தோம். சற்று நேரத்தில் வலதும் பிய்ந்தது. இப்போது டப் டப் என்று ஒரு ஒழுங்கு வந்தது. எனக்குச் சிரிப்பு தொண்டையில் வந்து நின்றது. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு, பெண்ணின் எதிர்காலத்தை நினைத்து, ஒரு பறவையைப் பார்ப்பது போல மேலே பார்த்தேன்.

பின்னால் யாரோ விசும்பினார்கள். திரும்பினால் சம்பந்தியம்மா. வாயில் முந்தானை, கண்ணில் தண்ணீர், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும்தான். இரண்டு பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"இன்னா, இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்றார் சம்பந்தி, டப் என்று திரும்பி.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, தோளில் தொங்கிய கேமரா பையின் நாடாவைக் கழற்றி, ஷூவைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். "ஐயய்யோ, சம்பந்தி, காலைத் தொடாதீங்க" என்று அவர் பதற, "நீங்க அசையாதீங்க, முடிச்சு போடணும்" என்று இவர் சொல்ல, கல்யாணத்துக்கு முன்பே சடங்கு ஒன்று நடந்து முடிந்தது.

அப்போதுதான் தண்ணீர் சத்தம் கேட்டது. சம்பந்தி முகம் மலர்ந்தது. "சொன்னன்ல? அருவி!" விசிலை எடுத்து ஊதவே ஊதினார். புதர்களை விலக்கிக்கொண்டு, முள்ளில் துப்பட்டாவைப் பாதி விட்டுவிட்டு, சத்தம் வந்த பக்கம் இறங்கினோம்.

கொய்யாத் தோப்பு. நடுவில் ஒரு சிமென்ட் தொட்டி. தொட்டிக்கு மேல் ஒரு இரும்புக் குழாய். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீசல் மோட்டார் ஒன்று இருமிக்கொண்டே ஓடியது. லுங்கி கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு எங்களைப் பார்த்து நின்றார்.

"யாருங்க? எங்க போறீங்க?"

என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். "அருவிக்கு" என்றார்.

அந்தத் தோட்டக்காரர் மலையைக் காட்டினார், பிறகு எங்களைக் காட்டினார். "அருவி அந்தாண்ட. நீங்க காட்ட விட்டே வெளிய வந்துட்டீங்க. மெயின் கேட்டு இதோ, அரை கிலோமீட்டர்."

சம்பந்தி தொப்பியைக் கழற்றினார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். காலையிலிருந்து இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்றாலும், வந்தபோது ரசிக்க முடியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஷூவைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குழாய்க்கு அடியில் காலை நீட்டிவிட்டார். "வாங்க சம்பந்தி, இங்க கூட்டமே இல்ல" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. முட்டி வலிக்கு அதைவிட நல்ல மருந்து எந்த அருவியிலும் இருந்திருக்காது.

"அவரு எந்த மலைக்கும் போனதில்லைங்க" என்றார் சம்பந்தியம்மா மெதுவாக. "நிச்சயம் ஆனதுலேந்து மொட்டை மாடில அந்தத் தடிய வெச்சிகினு நடந்து பழகினாரு. படிச்ச குடும்பம், ஆபீஸ் போறவங்க, நம்மள என்னா நெனைப்பாங்களோன்னு ஒரே பயம்."

எங்களைப் பார்த்தா பயம்? நடைமேம்பாலத்தில் நின்று மூச்சு வாங்குகிறவளைப் பார்த்தா? நான் சுடிதாரா புடவையா என்று ஒரு வாரம் தூங்காத கதையை அவருக்குச் சொன்னேன். அவர் தன் வெள்ளை ஷூவை மகனிடம் கெஞ்சி வாங்கிய கதையைச் சொன்னார். பிறகு இரண்டு வகை வடையையும் திறந்தார்.

சம்பந்தி எங்கள் பக்கம் வரவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

"பெல்ட்டு லூசு" என்றார் தோட்டக்காரரிடம். "பத்து நாளா தண்ணி கம்மியா வருதா?"

"ஆமாங்க. மெக்கானிக்கு வரேன் வரேன்றான், வரலை."

"நிறுத்து. ஸ்பானர் இருந்தா குடு."

கட்டிய ஷூவோடு குந்தி உட்கார்ந்து, மோட்டாரை அதன் மேடையில் கொஞ்சம் நகர்த்தி, போல்ட்டுகளை இறுக்கினார். என் வீட்டுக்காரர் ஸ்பானரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். மரங்களிடம் பட்ட திண்டாட்டம் எதுவும் அந்தக் கைகளில் இல்லை. மோட்டாரை மறுபடி ஓட்டியபோது இருமல் நின்றிருந்தது. குழாய்த் தண்ணீர் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, சம்பந்தியம்மாவை இடுப்பு வரை நனைத்தது. அவர் கத்திய கத்தலில் தோப்புக் கிளிகள் பறந்தன. காலையிலிருந்து நாங்கள் பார்த்த ஒரே வன உயிர் அதுதான்.

தோட்டக்காரர் ஒரு சாக்கு நிறைய கொய்யா கொடுத்தனுப்பினார். நனைந்த புடவை, பாதித் துப்பட்டா, கட்டுப்போட்ட ஷூ, கொய்யாச் சாக்கு என்று நாலு பேரும் கேட்டுக்கு வந்தபோது, அங்கே ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. நடுவில் என் மகள் அழாக்குறையாக நின்று காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாலு பேர் சார். எல்லாரும் பெரியவங்க. எங்க அம்மாவுக்கு முட்டி வலி வேற."

காவலர் எங்களைப் பார்த்தார். "இதுங்களா?" என்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஜோடிங்க தொலைஞ்சு போய், பெத்தவங்க வந்து தேடுவாங்க. பதினஞ்சு வருசமா அதான் பாத்துட்டு இருக்கேன். உங்க வீட்டுல தலைகீழா இருக்கு."

மகள் என்னைத் திட்டினாள். மாப்பிள்ளை அவன் அப்பாவைத் திட்டினான். "அம்பு போட்டிருக்குல்லப்பா? அம்பப் பாத்து வர்றதுக்கு என்னா?" நாங்கள் நாலு பேரும் வரிசையாக நின்று தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். இரண்டு குடும்பமும் அன்றைக்குச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அருவியை நான் மகளின் போனில் பார்த்தேன். இருபது விநாடி. நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"அடுத்த தபா போலாம்" என்றார்.

"கைடு வெச்சிகினு" என்றார் சம்பந்தியம்மா.

"கைடு வெச்சிகினுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது அவர் முன் சீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, மோட்டார் பம்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், சோழவரம் தாண்டியதும் அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் கையைக்கூட எடுக்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், கொஞ்சம் நகர்ந்துக்குங்க என்று. அவர் மறுகை விரலை உதட்டில் வைத்து, எழுப்பிவிடாதே என்றார். வண்டலூர் வரும்வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், என் வீட்டுக்காரர் அதற்குமேல் அசையவே இல்லை.