ஒயில் சீலைத் திருப்பிய கை

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை விடாமல் அடித்த ஒரு கிழமையில், செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. சாப்பாட்டு மேசை என்று பேருக்குத்தான் சொல்கிறேன். அதில் நாங்கள் சாப்பிட்டு அப்போதே ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அதில் குடியிருந்தது.

மோட்டார் சைக்கிள் என் கணவருடையது. எங்கள் இருவரையும்விட வயது கூடின இங்கிலாந்து வண்டி. மண்டூரில் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில், கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்ததை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் சாரதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனுஷனுக்கு அதுதான் உலகம். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பிஸ்கட் டின்களில் போட்டு வைப்பார். "இது ஓடட்டும், உன்ன ஏத்திக்கொண்டு மண்டூர்த் திருவிழாவுக்குப் போறன் பாரு" என்பார். "கோழியும் நம்மளோட வருமோ?" என்று கேட்பேன். நான் தையல் வேலை செய்பவள். நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவளுக்கு வாய் ஒன்றுதான் சும்மா இருப்பது, அதற்கும் ஏதாவது வேலை வேண்டும்தானே.

கழற்றின எஞ்சினைத் திரும்பப் பொருத்திப் பாதி பூட்டியிருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "ஓம்". ஆமாம் என்பதற்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். பசிக்குதா என்றால் ஓம். பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ஓம். அந்தச் சொல் வாயில் தங்கிவிட்டது, அவர் நினைத்துச் சொல்வதில்லை, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்களுக்கும் அது நன்றாக விளங்கியிருந்தது. விளங்கியதால்தானே பகிடி விட்டோம். பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒருவர், "மச்சான், இந்த வீட்ட எனக்கு எழுதித் தாறியா?" என்பார். இவர் "ஓம்" என்பார். வீடே சிரிக்கும். அவரும் வாய் ஒரு பக்கம் கோண, சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு ஒரே மகள். மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். இவளுக்கும் வேலை போனது. பிறகு வெளிநாட்டில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. போனால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது. அப்பா சம்மதிக்காமல் போகவே மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலும் அப்பாவின் வாயால் ஒரு சொல் வந்தால்தான் பையை எடுப்பாள்.

ஒரு பின்னேரம் அவருடைய கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவரது நல்ல கையை, அந்த இடது கையை, தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் போகட்டா?"

"ஓம்."

"மனசோடதான் சொல்லுறீங்களா?"

"ஓம்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவளுடைய பிடிக்குள் அவரது கை சும்மா இருக்கவில்லை. உள்ளங்கை மேலே, பிறகு கீழே, திரும்பவும் மேலே என்று புரண்டுகொண்டே இருந்தது. நரம்பு இழுக்கிறது என்று நினைத்தேன். "இஞ்ச, கைய ஆட்டாம இரிங்க, புள்ள கும்பிடப் போறாள்" என்று சொல்லி, அந்தக் கையைக் கதிரைச் சட்டத்தோடு அமத்திப் பிடித்தவள் நான்தான். அடுத்த மாதம் அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவர் காலையிலிருந்து இருட்டும்வரை மேசையில் இருந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வந்து, விட்ட இடத்திலிருந்து பூட்டத் தொடங்கினார். காத்தான்குடியில் கராஜ் வைத்திருப்பவர். "அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தாப் போதும் அக்கா" என்பார். நான் ஆணி எடுத்துக் கொடுப்பேன், கிறீஸ் பூசுவேன். துணி பிடித்த கைக்கு இரும்பும் பழகிவிட்டது.

கடைசியில் ஒரு ஒயில் சீல்தான் பாக்கி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு தண்டு வெளியே வரும், அதில்தான் செயின் ஓடுகிற பல்லுச் சில்லைப் பூட்டுவார்கள். தண்டு சுழலும்போது அந்த ஓட்டையால் ஒயில் வழியாமல் தடுக்கும் வளையம்தான் ஒயில் சீல். கைக்குழந்தையின் காப்பு அளவு இருக்கும். வெளிச்சுற்று இரும்பு, உட்சுற்றில் மெல்லிய றப்பர் உதடு. ஒரு பக்கம் மூடி வழுவழுப்பாக இருக்கும். மற்றப் பக்கம் பள்ளம், அதற்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தெரியும். சிநேகிதர் அதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்து, வாற வெள்ளி பூட்டுவோம் என்று சொல்லிப் போனார். அந்த வெள்ளி மழை. றோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடியது. அவரால் வர முடியவில்லை.

எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே கிடையாது. நானே பூட்டிவிடலாம் என்று இறங்கினேன். வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. சீலை ஓட்டையில் வைத்து, அதன் மேல் அதே அகலமான ஒரு பைப் துண்டை வைத்து, சரிந்துவிடாமல் மெல்ல மெல்லத் தட்டி இறக்க வேண்டும். அந்தப் பைப் துண்டையும் அவர் நன்றாக இருந்த காலத்திலேயே அளவாக அறுத்து வைத்திருந்தார். றப்பர் உதட்டில் ஒயில் தடவினேன். தண்டின் கூர் றப்பரைக் கிழிக்காமல் இருக்க டேப் சுற்றினேன். எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அவரை மேசையடிக்குத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டேன்.

"மூடின பக்கம் உள்ளுக்கா?"

"ஓம்."

"ஸ்பிரிங் பக்கம் உள்ளுக்கா?"

"ஓம்."

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்றுவிட்டு நானாக யோசித்தேன். ஒயிலைத் தடுப்பதென்றால் மூடின பக்கம்தானே ஒயிலுக்கு முன்னால் நிற்க வேண்டும்? மூடின பக்கத்தை உள்ளே பார்க்க வைத்து, பைப்பை அதன் மேல் பிடித்து, சுத்தியலை எடுத்தேன்.

அவருடைய இடது கை மேசைக்கு மேலே வந்தது. உள்ளங்கை மேலே, கீழே, மேலே. வாய் "ஓம், ஓம்" என்கிறது, கை புரள்கிறது. வழக்கமான இழுப்பு என்று நினைத்து அதை ஒதுக்கி வைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். பைப்பைத் தள்ளிவிட்டு, சீலை விரலால் நோண்டி எடுத்து, மேசையில் வைத்துப் புரட்டி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்கும்படி தண்டில் கோர்த்தார். அந்தச் சின்ன வேலைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு கை மேசையில் அசையாமல் கிடந்தது.

சீலை எடுத்து வேண்டுமென்றே பிழையாக வைத்தேன். "இப்பிடியா?" என்றேன். "ஓம்" என்றார். கை புரண்டது. சரியாக வைத்துக் கேட்டேன். "ஓம்" என்றார். கை அப்படியே இருந்தது. இன்னொரு தரம் மாற்றி வைத்தேன். கை திரும்பவும் புரண்டது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மனுஷன் உள்ளே முழுசாக இருக்கிறார், இவ்வளவு நாளும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நாங்கள்தான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய தலையைக் கட்டிப்பிடித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. மகளுடைய இரண்டு கைகளுக்குள்ளே புரண்ட கை. நான் அமத்திப் பிடித்த கை.

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன். "புள்ள போகட்டா எண்டு கேட்டாளே, அது உங்களுக்கு விருப்பமா?"

"ஓம்" என்றார். கை புரண்டது.

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதற்குக்கூட அந்த ஓமை நாங்கள் நம்பியதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரு இடத்தில் மட்டும் அதை நம்பினோம். அவள் நம்பினது பிழையில்லை, அவள் பிள்ளை. பக்கத்தில் நின்ற எனக்கு எங்கே போனது புத்தி?

"அவள வரச் சொல்லட்டா?" என்று கேட்டேன். "ஓம்." கை புரண்டது. வேண்டாம் என்கிறார். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வருவது லேசான காரியம் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். "உங்களுக்கு விருப்பமில்லாம இருந்தத அவளுக்குச் சொல்லட்டா?" என்று கேட்டு முடிக்கவில்லை, கை வேகமாகப் புரண்டது, புரண்டுகொண்டே இருந்தது. அவருடைய கண் நிறைந்துவிட்டது. "சரி, சொல்லல்ல, சொல்லல்ல" என்று அந்தக் கையைப் பிடித்தேன். இந்த முறை அமத்திப் பிடிக்கவில்லை.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு அவர் கையை விடுவித்து, பைப் துண்டை எடுத்து, சீலின் மேல் நேராக நிறுத்திப் பிடித்தார். நான் தட்டினேன். கண்ணீரில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் அவர் பிடி சரியவில்லை. சீல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது.

வெள்ளம் வடிந்து சிநேகிதர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணன்ட கை சரியாத்தான் சொல்லியிரிக்கு அக்கா. ஸ்பிரிங் பக்கம் ஒயிலப் பார்க்க வேணும். மாறிப் போட்டிருந்தா எல்லாம் ஊத்தியிருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எதையும் கையிடம்தான் கேட்போம். இவ்வளவு நாளும் நான் ஊட்டிய பூசணிக்காய்க் கறி அவருக்குப் பிடிக்கவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தை பிறந்து சிநேகிதரும் கராஜ் ஆட்களும் எஞ்சினை வண்டியில் ஏற்றி உதைத்தார்கள். பல தரம் இருமிவிட்டு ஓடியது. நான் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தேன், ஒரு சொட்டு ஒயிலும் விழவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்டூர்த் திருவிழா ஆவணியில். அவர் ஆடியிலேயே போய்விட்டார். வேலை செய்த வீட்டுக்காரர் மகளை வர விடவில்லை. செத்த வீட்டை அவள் போனில்தான் பார்த்தாள். தவணை முடிந்த பிறகும் அவள் வரவில்லை. அப்பா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்ய என்று இன்னொரு தவணைக்கு நின்றுவிட்டாள். வண்டியை முன் விறாந்தையில் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

கிழமைக்கு ஒரு தரமாவது போனில் அழுவாள். "அப்பா ஓம் எண்டு சொல்லித்தானேம்மா என்ன அனுப்பினவர்? அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கொண்டுதான் இஞ்ச கிடக்கன்" என்பாள்.

"ஓம் புள்ள" என்பேன்.

போனில் என் முகம் மட்டும்தான் தெரியும். மடியில் கிடக்கும் என் கை தானாகப் புரள்வதை அவள் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டாம் என்றவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா, மகளை இன்னொரு தரம் ஏமாற்றுகிறேனா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் இப்போதெல்லாம் யார் என்னிடம் ஓம் என்றாலும் என் கண் முதலில் அவர்களுடைய கைக்குத்தான் போகிறது.