மாஸ்டர் எடுத்த தத்து

வீட்டுக்குள் வந்த முதல் நாளே அந்தப் பூனை மாஸ்டரின் முன்கையைக் கிழித்தது. மறுநாள் அவள் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, அசிங்கத்தை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டு, கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நன்றி கிலோ என்ன விலை என்று கேட்கும் பிறவி. மாஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே ஆளை மொட்டையடிக்கிறவனோடு ரொம்ப வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறவள் அவள்.

மாஸ்டர் என்ற பெயர் தொழிற்சாலையில் வந்தது. சட்டை தைக்கும் தொழிற்சாலை. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே ஓட்டத்தில் நூறு சட்டைக்கு வெட்டும் மேஜைக்கு அவள்தான் தலைமை. அதற்கு முன் ஆண்கள் மட்டுமே நின்ற மேஜை அது. "பொம்பளை வெட்டினா துணி கோணிக்கும்" என்று சொன்ன மேஸ்திரியிடம், "நான் பொம்பளைன்னு துணிகிட்ட யாரு போட்டுக் குடுத்தது, நீயா?" என்று கேட்டவள். கல்யாணம் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். தெரு அதை 'ஆகவில்லை' என்று வைத்துக்கொண்டது. ஒரு பெண் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதை நம்புவதற்குத் தெருவுக்கு இன்னும் படிப்பு போதவில்லை.

மாடியில் இரண்டு அறை வீடு. அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. தம்பி, "மூணே மாசம்க்கா" என்று சொல்லிக்கொண்டு மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். அந்தக் கைக்குழந்தை இப்போது மீசை வைத்துக்கொண்டு காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறது. மூன்று மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

தம்பிக்கு ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை. கறுப்புக் கோட்டு, வழித்து வாரிய தலை, யாருக்கும் முகம் சுளிக்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பை வீட்டுக்கும் கொண்டுவருவான். அதே சிரிப்போடுதான் ஒரு நாள் ஆரம்பித்தான்.

"அக்கா, உனக்குப் பின்னாடி இந்த வீடு யாருக்குன்னு யோசிச்சியா? என் பையனை முறைப்படி தத்தெடுத்துக்கோ. உனக்கும் ஒரு பிள்ளை ஆச்சு."

"அவனுக்கு ஏற்கெனவே ஒரு அம்மா இருக்காளே. அவளைக் கேட்டியா?"

"அவளை என்னக்கா கேக்கறது?"

சமையலறையில் காய் நறுக்கும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

அடுத்த விடுமுறையில் மாஸ்டர் பிராணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரோ வீடு மாறிப் போகும்போது பழைய நாற்காலியோடு விட்டுவிட்டுப் போன பூனை ஒன்று அங்கே கூண்டில் இருந்தது. நீண்ட முடி. ஒவ்வொரு முடியும் நுனியில் சாம்பல், அடியில் வெள்ளை. புகை படிந்த பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் "அய், அழகு!" என்று கை நீட்டிவிட்டு, கீறல் வாங்கிக்கொண்டு போனார்களாம். மாஸ்டர் கை நீட்டவில்லை. அதன் அக்குளிலும் வயிற்றிலும் முடி சிக்குப் பிடித்துக் கெட்டியாகத் தொங்குவதைப் பார்த்தாள். அது தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த எரிச்சலில்தான் சீறுகிறது என்று புரிந்தது.

கூடையோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னக்கா இது?" என்றான் தம்பி.

"தத்து."

"என்னது?"

"தத்தெடுக்கச் சொன்னியே. எடுத்துட்டேன்."

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "பிள்ளையைச் சொன்னா பூனையைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நாளைக்கு நாலு எலியும் வரும் பாருங்க, அதுக்கு விளையாட."

பூனைக்குத் தத்து என்றே பெயர் நிலைத்தது.

மாஸ்டர் தன் அறையை அதற்குக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வலை அடித்தாள். மூலையில் அது வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டு வைத்தாள். வாலுக்கடியில் முடி நீளமாக இருப்பதால் ஒவ்வொரு தடவையும் அழுக்கு ஒட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அதற்குக் கூலியாக ஒரு கடி கிடைக்கும். தினமும் வேலை முடிந்து வந்ததும் சீப்போடு உட்காருவாள். முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல். சிக்கை அடியில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். வீட்டில் அத்தனை கத்தரிக்கோல் இருந்தும் ஒன்றைக்கூட அவள் சிக்கின் பக்கம் கொண்டுபோகவில்லை. துணி வெட்டும்போது அடித்துணி சுருண்டு மேலே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த கை அது. பூனையின் தோலும் முடியோடு சேர்ந்து எழும்பி வரும். ஒரு சிக்கு பிரிவதற்குள் பூனை இரண்டு தடவை கடிக்கும், நான்கு தடவை திட்டும். அவளும் பதிலுக்குத் திட்டுவாள். இருவருக்கும் நல்ல பொருத்தம்.

மற்ற எல்லோருக்கும் அது ஆகவில்லை. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். படிக்கட்டில் மறித்துக்கொண்டார்.

"உங்க பூனை ஜன்னல்ல இடமிருந்து வலமாப் போச்சு. நான் மருமகனைப் பாக்கப் போனேன், மூஞ்சிகூடக் குடுக்கலை."

"போன தடவையும் அவர் மூஞ்சி குடுக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப எந்தப் பூனை சார்?"

ஆயிரம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்திய மனிதர். மருமகன் ஏன் பேசவில்லை என்று மருமகனைக் கேட்க தைரியம் இல்லை. பழியைப் போட ஒரு வாயில்லாத பிராணி போதும்.

தம்பி மனைவியின் போர் நேரடியானது. காலையில் தொடங்கி படுக்கும் வரை ஓயாது.

"அண்ணி, தட்டுல முடி! இது வயித்துக்குள்ள போய் உருண்டை கட்டிக்கும்னு டிவியில சொன்னான்."

"அது பூனை வயித்துல. அது உடம்பை நக்குது. நீ நக்கறியா?"

"எனக்குத் தும்மல் நிக்கலை!"

"இருக்கலாம். சில பேருக்குப் பூனையால தும்மல் வரும், நிஜம்தான். வா, டாக்டர்கிட்டக் காட்டுவோம். பூனையாலதான்னா அது உன் பக்கம் வராம நான் வழி பண்றேன்."

"எதால தும்மறேன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் மூக்காலயா தும்மறேன்?"

தம்பி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. "எனக்குப் பூனைன்னா உயிருக்கா" என்பான். சொல்லிக்கொண்டே கறுப்புக் கோட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, பீரோவில் பூட்டுவான். ஒரு முடி ஒட்டினாலும் மேனேஜர் கேட்பாராம். வேலைக்குக் கிளம்பும்போது வாசலுக்கு வெளியே நின்றுதான் உறையைப் பிரிப்பான்.

ஒரு சாயங்காலம் மாஸ்டர் வந்தபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலுக்கடியில் யாரும் இல்லை. சீப்பு தரையில் கிடந்தது.

நேரே சமையலறைக்குப் போனாள். "எங்க விட்ட?"

"நான் தொடலை."

"தினமும் கரிச்சுக் கொட்டினவ நீதானே?"

"வாயால கொட்டினேன். கையால தொடலை."

"சோத்துல முடி, சோத்துல முடின்னு அழுதியே. இனிமே நிம்மதியா முழுங்கு."

தம்பி வந்தான், பதறினான். "கதவு திறந்திருந்தா ஓடத்தான்க்கா செய்யும். இரு, நான் பாக்கறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, "தத்து... தத்து..." என்று வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தான். என்ன பாசம் என்று கீழ் வீட்டு வாத்தியார்கூட நெகிழ்ந்துபோனார்.

மாஸ்டர் அதன் பிறகு தம்பி மனைவி சமைத்ததைத் தொடவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரு சொல் வீசினாள். அவளுக்குச் சொல்லுக்கா பஞ்சம்? எல்லாம் குறி தப்பாமல் போய் விழுந்தன. இரண்டு நாள் போனது. தம்பி மனைவி கண் சிவக்க ஒரு கோட்டைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் எறிந்தாள்.

"உங்க தம்பி குடுக்கச் சொன்னார். உள்துணி கிழிஞ்சிருக்காம். ஆணி மாட்டிக்கிச்சாம். நாளைக்கே வேணுமாம்."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தம்பியின் பொத்தான் அறுந்தால் அக்கா, கால்சட்டை பிரிந்தால் அக்கா. கிழிந்ததெல்லாம் தானாக அவள் மடிக்கு வந்து சேரும். தைத்துக் கொடுக்கிற அந்தக் கைக்கு மேலே இரண்டு கண்ணும் இருக்கின்றன என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மாஸ்டர் கோட்டைத் திருப்பினாள். மார்புப் பக்கம் உள்துணியில் நான்கு கிழிசல், பக்கம் பக்கமாக, ஒரே நீளத்தில். எந்த ஆணி நான்கு கோடு போடும்? கிழிசலுக்குள் விரலை விட்டுத் தையலோரத்தைத் துழாவினாள். ஒரு கொத்து முடி வந்தது. ஒன்றை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நுனி சாம்பல். அடி வெள்ளை.

தம்பி மனைவியும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"இந்தக் கோட்டு வீட்டுக்குள்ள உறையை விட்டே வெளிய வராதே அண்ணி" என்றாள் மெதுவாக. பிறகு, "அன்னிக்கு மத்தியானம் பால் வாங்கிட்டு வான்னு என்னைக் கடைக்கு அனுப்பினார். வீட்டுல பால் இருந்துச்சு."

மெஷின்மேல் கோட்டு கிடந்தது. தம்பி மனைவி அதை விரலால் சுட்டினாள்.

"நான் திட்டுவேன். கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போக மாட்டேன்."

"தெரியுது. உன்னைச் சொன்னது தப்பு."

"ரெண்டு நாள் என்னைக் கொன்னு போட்டுட்டு, இப்பத் தப்பாம் தப்பு!"

"திட்டறதை வழியில திட்டு. செருப்பை மாட்டு."

கோட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஹோட்டலின் பின்வாசல் வழியாகப் போனார்கள். சலவை அறையில் ஆவியும் சோப்பு வாடையும் அடித்தன. துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த பெண்மணி, பூனை என்றதுமே சுவரோரம் இருந்த உலர்த்தும் மெஷினைக் காட்டினாள்.

"ரிசப்ஷன் சார் கொண்டாந்து விட்டார். ரோட்ல கிடந்துச்சாம், எலி பிடிக்கும்னார். எங்க பிடிக்குது? எலி இதைப் பாத்து உக்காந்து சிரிக்குது."

மெஷினுக்குப் பின்னால் தத்து இருந்தது. பத்து விரலும் நோகப் பிரித்துவிட்ட வயிற்று முடி சோப்பு நீரில் நனைந்து மறுபடி கட்டிப்போய்க் கிடந்தது. மாஸ்டர் கை நீட்டினாள். பழைய காயத்தின் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டது. "வா மூதேவி" என்று அள்ளி, அங்கே கிடந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டாள். தம்பி மனைவியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் நடந்தாள்; அவளும் பின்னாலேயே வந்தாள்.

வரவேற்பு மேஜையில் தம்பி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், மாற்றுக் கோட்டில்.

"வணக்கம், சொல்லுங்..." நிமிர்ந்தவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா! இங்க எதுக்கு? கெஸ்ட் வர்ற நேரம்."

"நானும் கெஸ்ட்தான். ஒரு ரூம் வேணும். ஒரு ஆளுக்கு."

"யாருக்கு?"

"உனக்கு."

கோட்டை மேஜைமேல் விரித்தாள், உள்பக்கம் மேலே தெரிய. "தைக்கலை. நாலு கோடும் அப்படியே இருக்கு, பாத்துக்கோ."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சீறல் வந்தது. பின்னால் பெட்டியும் படுக்கையுமாக நின்ற விருந்தாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். தம்பி அவருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்தான், பழக்கம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு பூனைக்காகவாக்கா?" என்றான்.

"என் வீட்டுல யாரு இருக்கணும், யாரு போகணும்னு நீ முடிவு பண்ணினியே, அதுக்காக. இன்னிக்குப் பூனை. நான் கொஞ்சம் கிழவியானா என்னை எந்தக் கோட்டுக்குள்ள வெச்சு எங்க கொண்டுபோய் விடுவ?"

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லேன்!"

தம்பி மனைவி பெட்டியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"என்னை என்னங்க கேக்கறது?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தன் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தாள்.

"நீ எதுக்குக் கட்டற?"

"அவரைத் துரத்தினா நான் எங்க இருக்கறதாம்?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. திருடினவன் ஹோட்டலில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். மூட்டை கட்டுவது இவள். யாரும் சொல்லாமலே கட்டுகிறாள். இப்படித்தான் உலகத்தில் பாதிப் பேருக்கு வீடு என்பது இன்னொருவனின் நடத்தையைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. இந்த அநியாயத்தைத் தானும் கொஞ்சம் முன்னால் மறந்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"உன்னைப் போன்னு சொன்னேனா?"

"இருன்னும் சொல்லலையே."

"இப்பச் சொல்றேன், இரு. அவன் துணியை மட்டும் கட்டு. வாசல்ல வந்து வாங்கிக்கட்டும்."

"உங்க தயவு எனக்கு வேணாம்."

"தயவா? இத்தனை வருஷம் இந்த வீட்டுல அடுப்புகிட்ட நின்னது யாரு, அவனா?"

தம்பி மனைவி கையிலிருந்த புடவையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, கணவனின் சட்டைகளை மடிக்காமலே சூட்கேஸில் திணித்தாள்.

"இருக்கேன். ஆனா அந்தச் சனியனுக்கு நான் சோறு வைக்க மாட்டேன்."

"யாரும் கேக்கலை."

"சமையலறை வாசலை மிதிச்சா விளக்குமாறுதான்."

"சரி."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து தத்துவை மடியில் அமுக்கினாள். அது திமிறியது. ஒரு கையால் பிடித்தால் சிக்கைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்கப் போனால் பிடிக்க முடியவில்லை. கையெல்லாம் ரத்தக் கோடு.

கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நூறு சட்டையை ஒரே வெட்டா வெட்டறாங்களாம். ஒரு பூனைத் தலையைப் பிடிக்கத் தெரியலை!" தடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பூனையின் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தன் மடியில் இறுக்கிக்கொண்டாள். உடனே கத்தினாள். "ஐயோ, கடிச்சிருச்சு! உருப்படுமா இது?"

"என்னையும்தான் கடிக்குது. விடாத, பிடி."

சிக்கு மெல்லப் பிரிய ஆரம்பித்தது. தம்பி மனைவியின் மூக்கு விடைத்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீடே அதிரும்படி ஒரு தும்மல்.

"கை ஆடுது" என்றாள் மாஸ்டர். "டாக்டர்கிட்டப் போலாம்னு அன்னிக்கே சொன்னேன்."

"போலாம் போலாம். தூசின்னு சொல்லுவான் பாருங்க. வீட்டைக் கூட்டறது நீங்களா நானா?"

"நாளையிலேர்ந்து நான் கூட்டறேன். பிடி."