வெறும் மாத்திரைக்காக ஒரு ஜெபம்

கொரோனா ஊரைவிட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. என்னைவிட்டு மட்டும் போகவில்லை. செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் நான். இப்போது குளித்துத் தலை துவட்டினாலே போதும், அன்றைக்கு வேறெதற்கும் ஆக மாட்டேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "டீச்சருக்கு வேல செய்ய மடியாக்கும்" என்று சோம்பேறிப் பட்டம் கட்டி அக்கம்பக்கத்தில் பேச்சு. நாசமாய்ப் போக அந்த வாய்.

சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையை இதற்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த மருந்துச் சோதனையில் போய்ச் சேர்ந்தேன். பாறசாலை ஸ்டேஷன் படியில் நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ரயில் பிடிப்பேன். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை. மற்றவர்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று, எல்லாம் முடியும்வரை டாக்டருக்கே தெரியாது.

சாயங்கால ஜெபத்தில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, இவளுக்குக் கிட்டினது அசல் மருந்தா இருக்கணும்" என்று உருகுவார். முதலில் நானும் ஆமென் சொன்னேன். மாதங்கள் போயும் ஒரு மாற்றமும் இல்லை என்றானதும் பயம் பிடித்துக்கொண்டது. அவர் பக்கத்தில் முழங்காலிட்டபடி, வாய்க்குள்ளேயே நேர்மாறாகக் கேட்க ஆரம்பித்தேன். ஆண்டவரே, இது வெறும் மாத்திரையாக இருக்கட்டும். அப்படியென்றால் அசல் மருந்து எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஒரே நினைப்பில்தான் கட்டிலைவிட்டு எழுந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் சோதனை முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கொடுத்தது அசல் மருந்துதானாம். வேறு மருந்து உண்டா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார். அவருக்கும் என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த கணவரிடம் சொன்னேன். மனுஷர் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்! நான் கேட்டத அப்படியே தந்தாரு பாத்தியா! ஞாயிற்றுக்கிழம சபையில எழும்பிச் சாட்சி சொல்லணும், கேட்டியா."

ஜெபம் பலித்தவர்கள் ஆராதனையில் எழுந்து அதைச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்தச் சாட்சி சொல்ல?" என்றேன். "அசல் மருந்தத் தின்னும் எனக்கு ஒண்ணும் மாறல்ல. இனி நமக்கு வேற மருந்து இல்ல. அது மனசிலாவுதா ஒங்களுக்கு?"

அவர் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இனி நான் ஒனக்காவ என்னத்தக் கேக்க?" என்றார்.