படத்துக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மணவூரில் ரயில் நின்றபோது கஸ்தூரியின் தம்பி போன் செய்தான். "அக்கா காலையில எழுந்திரிக்கவே இல்லீங்க" என்றான். அவள் கேட்டிருந்த வண்ணப் புட்டிகள் என் மடியில் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டே திருத்தணி வரை அழுதேன்.

என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பதினோரு ஆண்டுகள் ஒரே மேசையில் ஆல்பம் செய்தோம். மலையில் மொட்டை போட்ட குழந்தைகள், காதுகுத்து, வளைகாப்பு என்று எது வந்தாலும் பக்கத்தின் பின்னணி அவள் வேலை. படத்தை வெட்டி ஒட்டுவது என் வேலை.

ஈர வண்ணத்தின் மேல் கல்லுப்பைத் தூவுவாள். காய்ந்தபின் தட்டிவிட்டால் தாளெல்லாம் பூத்திருக்கும். வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலை வண்ணத்தில் தோய்த்து, இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து இழுப்பாள், கொடி படர்ந்துவிடும். ஒருநாள் என் காப்பி டிகாக்‌ஷனைக் கேட்காமலே எடுத்துத் தாளில் ஊற்றிவிட்டாள். கத்தினேன். "நீ குடிச்சா ஒரு நிமிசம். இவுங்க காலத்துக்கும் பாத்துகினு இருப்பாங்க" என்றாள். பழுப்பேறிய அந்தப் பக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணத் தம்பதி அத்தனை அழகாக இருந்தார்கள். எனக்குத்தான் அன்று காப்பி இல்லை.

பொறுமை மட்டும் அவளுக்குக் கிடையாது. வண்ணம் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். காய்ந்திருக்காது, ரேகை பதிந்துவிடும். "இன்னாடி இது, பத்திர ஆபீசா?" என்று திட்டுவேன். "ஆங், உன் படம் எதுக்கு இருக்குது? மேல ஒட்டி மறைச்சுடு" என்பாள். மறைத்தேன். ஒன்று விடாமல் மறைத்தேன்.

மாலை போட ஒரு படம் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் படம் ஒட்டிய எங்களிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தோம். அந்த முகத்தில் அவள் இல்லை. அவள் வந்து இன்னும் ஒரே ஒரு தாளையாவது கெடுக்க மாட்டாளா என்று மனம் கிடந்து ஏங்குகிறது.

மேசையில் அவள் கடைசியாகச் செய்த பக்கம் இருக்கிறது. நீலத்தில் உப்புப் பூக்கள். ஓரத்தில் அந்த ரேகை. அதன்மேல் எதையும் ஒட்டப்போவதில்லை. என்னிடம் இருக்கும் கஸ்தூரியின் படம் அதுதான்.

எங்களிடம் ஆல்பம் செய்துகொண்டவர்களே, அவள் உங்கள் வீட்டிலும் இருக்கிறாள். என்றாவது ஒரு படம் பசைவிட்டுப் பெயர்ந்தால், உடனே ஒட்டிவிடாதீர்கள். கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.